கவிஞரின் முதுமையும் அப்பாவின் மௌனமும்

கேள்வி: என் அப்பாவுக்கு 77 வயது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் கவியரங்கம் என்றால் அவர் பெயர் இல்லாமல் அழைப்பிதழ் அச்சாகாது. அம்மா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதன் பிறகு எங்களோடு வந்து தங்கியிருக்கும் அப்பா ஒரு வரிகூட எழுதவில்லை. கேட்டால் பதில் சொல்வார். தானாகப் பேசுவது ஏறக்குறைய நின்றே போய்விட்டது. பேசினாலும், சிறுவயதில் காவிரிப் படித்துறையில் மரத்தின் மேலேறி ஆற்றில் குதித்த கதையையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். "இதையே எத்தனை தடவைதான் சொல்வீர்கள், அப்பா?" என்று நானும் சில நேரம் கேட்டுவிடுகிறேன். சென்ற மாதம், தாகூர் எண்பது வயதிலும் எப்படி எழுதிக்கொண்டே இருந்தார் என்பதைச் சொல்லும் கட்டுரை ஒன்றைப் படிக்கக் கொடுத்தேன். படித்து முடித்து மடித்து வைத்துவிட்டு, "அவர் மகாகவி. நான் பென்ஷன் வாங்கும் வாத்தியார். என் காலம் முடிந்துவிட்டதம்மா" என்றார். வயதானால் அப்படித்தான், விட்டுவிடு என்கிறார் என் கணவர். இது வயதின் இயல்பா, நோயா? தாகூரைப் போல அப்பாவையும் மறுபடி எழுத வைக்க நான் என்ன செய்ய வேண்டும்?

(தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி)

முதியோர் நல மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இயல்பா, நோயா என்பது மருத்துவக் கேள்வி. அதற்குப் பரிசோதனை இல்லாமல் முடிவான பதில் சொல்ல இயலாது. என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைப் பின்னால் விரிவாக எழுதுகிறேன். தாகூரைப் போல எழுத வைப்பது எப்படி என்ற இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கட்டுரையை நீங்கள் அன்போடுதான் கொடுத்தீர்கள். ஆனால் அது அவருக்கு ஓர் அளவுகோலாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவருடைய பதிலில் இருந்த வருத்தத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

புகழ்பெற்ற ஒருவரின் முதுமையைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அவர் சாதித்தவற்றை மட்டும் வரிசைப்படுத்துவார்கள். தாகூரைப் பொறுத்தவரை அந்த வரிசை நீளமானதுதான்: அறுபது வயதைக் கடந்த பிறகே ஓவியத்தில் தீவிரமாக இறங்கினார், எழுபதை நெருங்கும் வயதில், 1930-இல், பாரிஸ் நகரில் தம் ஓவியங்களை முதன்முதலாகக் காட்சிக்கு வைத்தார், இறந்த ஆண்டான 1941-இலும் அவருடைய புதிய கவிதை நூல்கள் வெளிவந்தன. இவை அனைத்தும் உண்மை. இவற்றோடு சேர்த்துச் சொல்லவேண்டிய மற்றோர் உண்மை, அவருடைய கடைசி நான்கு ஆண்டுகள் ஒரு நோயாளியின் ஆண்டுகளாகவும் இருந்தன என்பது. 1937 செப்டம்பரில் சாந்திநிகேதனில் திடீரென நினைவிழந்து, உயிருக்கே ஆபத்தான நிலைக்குச் சென்று மீண்டார். 1940 செப்டம்பரில் காலிம்போங் மலையூரில் தங்கியிருந்தபோது மீண்டும் கடுமையாக நோயுற்று, அங்கிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டார். அதன் பின்னர் அவர் முழு நலம் பெறவே இல்லை. அவருடைய கடைசிக் கால நூல்களில் ஒன்றின் பெயருக்கு 'நோய்ப்படுக்கையில்' என்று பொருள். அடுத்ததன் பெயர் நோயிலிருந்து மீளுதலைக் குறிப்பது. நோயையே தலைப்பாக வைத்து எழுதிய முதியவர் அவர்.

இழப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் அப்பாவும் துணையை இழந்தவர். தாகூர் தம் மனைவி மிருணாளினியை 1902-இலும், மகள் ரேணுகாவை 1903-இலும், இளைய மகன் சமீந்திரநாத்தை 1907-இலும், மூத்த மகள் மாதுரிலதாவை 1918-இலும் பறிகொடுத்தார். எழுபது வயதைக் கடந்த பிறகு, 1932-இல், ஜெர்மனிக்குப் படிக்கச் சென்ற பேரனும் அங்கேயே இறந்துபோனான். இத்தனைக்கும் பிறகு அவர் எழுதினார் என்றால் துயரம் அவரைத் தொடவில்லை என்று பொருளாகாது. அந்தத் துயரத்தோடுதான் எழுதினார். எழுதாமல் இருந்த நாட்களும் உண்டு.

அப்படிப்பட்டவர் முதுமையையும் வாழ்வையும் குறித்து என்ன பேசினார் என்பதை உங்கள் அப்பாவுக்குச் சொல்ல விரும்பினால், சாதனைப் பட்டியலைவிட அந்த நோய்ப்படுக்கைப் பாடல்களைச் சொல்லுங்கள். அவற்றுள் ஒன்று சிட்டுக்குருவியை அழைத்துப் பேசுவது. இருள் முழுதும் விலகாத விடியற்காலையில் சன்னலுக்கு வந்துவிடும் குருவி அது. நோயாளியின் இரவு எவ்வளவு நீளமானது என்பதும், விடிந்துவிட்டது என்று சொல்ல ஒரு சிறு உயிர் வருவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதும் அந்தப் பாடலைப் படித்தால் தெரியும். மற்றொன்று 1941 ஜனவரியில், அதாவது இறப்பதற்கு ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு முன் எழுதியது. பரந்து கிடக்கும் இந்த உலகத்தில் நான் அறிந்தது எவ்வளவு குறைவு என்ற கருத்தோடு அது தொடங்குகிறது. உழவரும் உழைப்பவரும் வாழும் வீடுகளுக்குள் தம் கவிதை முழுமையாகப் போய்ச் சேரவில்லை என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லி, அவர்களுள் ஒருவனாக நின்று பாடப்போகும் கவிஞனுக்காகக் காத்திருப்பதாகவும் அதில் சொல்கிறார். 1913-இல் நோபல் பரிசு பெற்றவர், 79 வயதில், தம் குறையை இவ்வாறு பதிவு செய்திருக்கிறார். 'அவர் மகாகவி' என்று சொல்லி ஒதுங்கும் ஒருவருக்கு, அந்த மகாகவியும் தன்னைச் சிறியவராக உணர்ந்த நாள் உண்டு என்று தெரிவது உதவும். இன்னொரு பாடலில் வானுலகும் இனிமையானது, மண்ணின் புழுதியும் இனிமையானது என்கிறார். இரண்டையும் சொன்னவர் ஒருவரே. ஒன்றை மட்டும் எடுத்து உங்கள் அப்பா முன் வைக்காதீர்கள்.

இப்போது, நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைப்பதற்கு வருகிறேன். கடைசிக் காலத்தில் தாகூரின் கை எழுதுகோலைப் பிடிக்கும் நிலையில் பெரும்பாலும் இல்லை. அந்தப் பாடல்கள் பல அவர் சொல்லச் சொல்ல, அருகிலிருந்தவர்கள் எழுதிக்கொண்டவை. அவருடைய கடைசிக் கவிதை 1941 ஜூலை 30 அன்று காலை, அறுவை சிகிச்சைக்குச் சற்று முன்னர், கல்கத்தாவின் ஜோராசாங்கோ பகுதியிலிருந்த அவருடைய குடும்ப வீட்டில் சொல்லப்பட்டது. ராணி சந்தா என்ற இளம்பெண் அதை எழுதிக்கொண்டார். அதைத் திருத்தும் வாய்ப்பு கவிஞருக்குக் கிடைக்கவில்லை. ஆகஸ்ட் 7 அன்று இறந்துபோனார். கவிதை மட்டுமின்றி அவருடைய அன்றாடப் பேச்சும் இன்று நமக்குக் கிடைப்பதற்கு இப்படிப்பட்ட சிலரே காரணம். 1938 முதல் 1940 வரை அவர் பலமுறை டார்ஜிலிங் மலைப்பகுதியிலுள்ள மங்பூ என்ற சிற்றூருக்குச் சென்று தங்கினார். அங்கே மலேரியா மருந்தான கொய்னா தயாரிக்கும் தொழிற்சாலையில் பணியாற்றிய ஒருவரின் மனைவியான மைத்ரேயி தேவி, கவிஞர் தம் வீட்டில் இருந்த நாட்களில் அவர் பேசியவற்றைக் குறித்துவைத்துப் பின்னர் நூலாக வெளியிட்டார். கவிஞர் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னதும், வேடிக்கையாகப் பேசியதும், இளமையை நினைவுகூர்ந்ததும் எல்லாம் அதில் உண்டு.

முதிய கவிஞர் ஒருவர் வாழ்வைப் பற்றி அழகாகப் பேசுவதைக் கேட்கும்போது அது அவருடைய தனித்திறமையால் மட்டும் நிகழ்ந்தது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அவர் முன் ஒருவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது நம் கண்ணில் படுவதில்லை. தாகூர் தம் சிறுவயதைப் பற்றி 1940-இல் எழுதிய நூலுக்கும் இதே பின்னணிதான். பிள்ளைகளுக்காக ஏதேனும் எழுதித் தாருங்கள் என்று ஒருவர் கேட்டுக்கொண்டதால் எழுதியதாக அதன் முன்னுரையில் அவரே சொல்கிறார். கேட்டதால் எழுதினார். எண்பதைத் தொடும் முதியவர், டிராமும் பேருந்தும் மோட்டாரும் இல்லாத பழைய கல்கத்தாவையும், ஆமணக்கெண்ணெய் விளக்கையும், பாட்டி காலத்துப் பல்லக்கு ஒன்றுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு ஊர் ஊராகப் போவதாகக் கற்பனை செய்த சிறுவனையும் அதில் மீட்டெடுத்தார். இத்தனைக்கும் தம் வாழ்க்கை நினைவுகளை ஐம்பது வயதிலேயே, 1912-இல், தனி நூலாக வெளியிட்டிருந்தார். அதே பிள்ளைப்பருவத்தை மறுபடி சொன்னார். சொன்னதையே சொல்கிறார் என்று யாரும் அவரை நிறுத்தவில்லை.

உங்கள் அப்பா காவிரிப் படித்துறையில் மரமேறிக் குதித்ததைத் திரும்பத் திரும்பச் சொல்வதையும் இதே கண்ணோடு பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். முதியவர்கள் பழங்கதை பேசுவதை மூளை தளர்வதன் அறிகுறி என்று மருத்துவர்களே நினைத்த காலம் ஒன்று இருந்தது. ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1963-இல் எழுதிய கட்டுரை அந்த எண்ணத்தை மாற்றத் தொடங்கியது. முடிவு நெருங்குவதை உணரும் மனம், வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்ப எடுத்துப் பார்த்துக் கணக்குத் தீர்க்க முயல்கிறது. அது இயல்பான, தேவையான ஒரு வேலை என்று அவர் வாதிட்டார். அந்த வேலை நன்றாக நடந்தால் மனம் அமைதி பெறுகிறது. தடைப்பட்டால் குற்றவுணர்வும் சோர்வும் தங்கிவிடுகின்றன. இன்று நினைவுகளைப் பேசவைப்பது முதியோர் மனநலச் சிகிச்சையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு முறை. ஆகவே அந்தக் கதையை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

உங்கள் அப்பா தமிழாசிரியர். புறநானூற்றின் 243-ஆம் பாட்டு அவருக்குத் தெரியாததல்ல, வகுப்பில் பலமுறை நடத்தியும் இருப்பார். மருதமரத்தின் தாழ்ந்த கிளையில் ஏறி, கரையில் நிற்பவர் மருள, நீர்த்திவலை சிதற, ஆழமான மடுவில் 'துடும்' எனப் பாய்ந்து, மூழ்கி அடிமணலை அள்ளிக்கொண்டு வந்த இளமை இப்போது எங்கே போயிற்றோ என்று ஒரு முதியவர் கேட்கும் பாட்டு அது. பூண் மாட்டிய பெரிய தடியை ஊன்றி, உடல் நடுங்கி, இருமல்களுக்கு இடையே சில சொற்களே பேசும் முதியவராகிவிட்டோம் என்கிறார் அவர். அவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. அந்தத் தடியைப் பற்றி அவர் சொன்ன தொடரையே பெயராக்கித் தொடித்தலை விழுத்தண்டினார் என்று அழைக்கிறோம். உங்கள் அப்பா சொல்லும் கதைக்கும் அந்தப் பாட்டுக்கும் உள்ள உறவை அவர் அறிந்தே இருக்கலாம். ஒரு மாலையில் அந்தப் பாட்டின் பொருளை அவரிடம் கேளுங்கள். தெரிந்துகொண்டே பரீட்சிப்பது போலக் கேட்காமல், மாணவியாகவே கேளுங்கள். தொழிலால் ஆசிரியராக வாழ்ந்த ஒருவரிடம், கற்றுக்கொடுங்கள் என்று கேட்பதைவிடப் பெரிய மரியாதை இல்லை.

எப்படித் தொடங்குவது என்பதில் சில நடைமுறைகளைச் சொல்கிறேன். நீங்கள் எழுதுங்கள் என்று சொல்லி நோட்டும் பேனாவும் வாங்கிக் கொடுக்காதீர்கள். வெறும் தாள் மீண்டும் ஓர் அளவுகோலாகிவிடும். நீங்களோ உங்கள் பிள்ளையோ நோட்டை வைத்துக்கொண்டு, நீங்கள் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம் என்று உட்காருங்கள். காலைச் சிற்றுண்டிக்குப் பிந்திய நேரமோ மாலை நான்கு மணிப் பொழுதோ, அவர் தெளிவாக இருக்கும் நேரம் எது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தொலைக்காட்சி அணைந்திருக்கட்டும். அவருக்கு எதிரே, உங்கள் முகத்தில் வெளிச்சம் படும்படி அமருங்கள். காது மந்தமானவர்கள் உதட்டசைவையும் பார்த்தே பேச்சைப் பின்தொடர்கிறார்கள். அரைமணி நேரம் போதும். கைப்பேசியில் பதிவு செய்வதானால் அவரிடம் சொல்லி, இசைவு பெற்றுச் செய்யுங்கள்.

வாழ்க்கையில் கற்றுக்கொண்டது என்ன என்பது போன்ற பெரிய கேள்விகளைத் தவிர்த்துவிடுங்கள். அவை பேட்டிகளில் கேட்கப்படுபவை. வீட்டில் கேட்டால் வாயடைத்துப் போவார். அந்த மரம் என்ன மரம், படித்துறையில் எத்தனை படிகள் நீருக்குள் இருக்கும், முதல் நாள் குதிக்கச் சொன்னது யார், வீட்டில் அடி விழுந்ததா, ஆடிப்பெருக்கன்று அந்தத் துறை எப்படி இருக்கும் என்று கேளுங்கள். பழைய கதையில் நீங்கள் கேட்காத ஒரு கேள்வி விழுந்தால் அது புதிய கதையாக விரியும். அவர் நிறுத்தினால் உடனே அடுத்த கேள்வியைப் போடாமல் காத்திருங்கள். இருமல்களுக்கு இடையே வரும் சில சொற்களுக்குக் காத்திருக்கத் தெரிந்தவர் வேண்டும்.

எழுதியதை மறுநாள் அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். தன் பேச்சு பிறர் கையெழுத்தில் வரும்போது அதில் பிழை கண்டுபிடிக்காத தமிழாசிரியர் இருக்க முடியாது. ஒற்று மிகுந்தது, மிகவில்லை என்று அவர் பென்சிலைக் கையில் வாங்கினால், நீங்கள் கேட்டதற்குப் பாதி வழி வந்துவிட்டீர்கள். வாங்காவிட்டாலும் குறையில்லை. கவிதையாகத்தான் வரவேண்டும் என்றோ, புத்தகமாக வெளியிடலாம் என்றோ இப்போதே பேசாதீர்கள்.

அம்மாவைப் பற்றிய பேச்சு வரும். நீங்கள் அதைத் தவிர்த்துக்கொண்டு வந்திருந்தால் இனித் தவிர்க்க வேண்டாம். அவர் கலங்கினால் பேச்சை மாற்றாமல் உடனிருங்கள். கண்ணீர் வந்த நாளில் தூக்கம் நன்றாக வந்தது என்று பல முதியவர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். மேலே சொன்னவற்றைப் பரிசோதனைக்கு மாற்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டும் ஒரே வாரத்தில் தொடங்கலாம். எழுதுவதை நிறுத்திய முதியவரைப் பார்க்கும்போது, விருப்பம் போய்விட்டதா என்று கேட்பதற்கு முன், கண்ணும் கையும் காதும் சொல்லும் சரியாக இருக்கின்றனவா என்று நான் பார்ப்பேன். கண்புரை மெதுவாகத்தான் முற்றும். வாசிப்பு குறைந்துபோவதை வீட்டில் உள்ளவர்கள் அலுப்பு என்று நினைத்துவிடுவார்கள். காது மந்தமானவர்கள் பாதி கேட்டும் கேட்காமலும் தவறான பதில் சொல்லி வெட்கப்பட்டு, நாளடைவில் பேச்சையே குறைத்துக்கொள்வார்கள். காதில் குறும்பி அடைத்திருப்பதுபோன்ற எளிய காரணமாகக்கூட இருக்கலாம். கையைப் பொறுத்தவரை, அவருடைய பழைய கவியரங்கக் கைப்பிரதி ஒன்றை எடுத்து, அண்மையில் வங்கியிலோ மருந்துச் சீட்டின் பின்புறத்திலோ அவர் எழுதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எழுத்து வரவரச் சிறுத்துக்கொண்டே போயிருந்தால், குரலும் தணிந்து, முகபாவமும் நடை வேகமும் குறைந்திருந்தால், பார்கின்சன் என்னும் நடுக்குவாத நோயின் தொடக்கமா என்று நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டும். அந்த நோய் எப்போதும் கைநடுக்கத்தோடுதான் தொடங்கும் என்பதில்லை. சொற்கள் நாவுக்கு வராமல் தடுமாறுகிறாரா, தெரிந்தவர் பெயரையும் பொருளின் பெயரையும் விட்டுவிட்டு 'அது', 'இது' என்கிறாரா என்பதையும் கவனியுங்கள். சிறுவயதுக் கதையைச் சொல்வது கவலைக்குரியதில்லை என்றேன். ஆனால் பத்து நிமிடம் முன் சொன்னதை மறந்து அதே கதையை மறுபடி தொடங்குவது, காலையில் சாப்பிட்டது நினைவில்லாமல் போவது, பழகிய தெருவில் வழி தவறுவது ஆகியவை வேறு. அவை இருந்தால் நினைவாற்றல் பரிசோதனை தேவை.

இரத்தப் பரிசோதனையில் தைராய்டு, பி12 வைட்டமின், ஹீமோகுளோபின், சர்க்கரை, சோடியம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். தைராய்டு சுரப்புக் குறைவும் பி12 குறைவும் சோர்வு, மறதி, பேச்சுக் குறைவு என்றே வெளிப்படக்கூடும், இரண்டும் சிகிச்சையால் சரிசெய்யக்கூடியவை. சைவ உணவுக்காரர்களுக்கும், நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் எடுப்பவர்களுக்கும் பி12 குறைய வாய்ப்பு அதிகம். அவர் உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும், தூக்கத்துக்கோ அலர்ஜிக்கோ கடையில் வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் மனச்சோர்வு நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதியவர்களிடம் அது அழுகையாக வெளிப்படுவதைவிட, பசியின்மையாகவும் எடைக் குறைவாகவும், விடிவதற்கு வெகுமுன்பே விழித்துக்கொள்வதாகவும், எதிலும் ருசியற்றுப் போவதாகவும், இல்லாத உடல்நோய்களைப் பற்றிய கவலையாகவும் வெளிப்படுவதே அதிகம். ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய 15 கேள்விகள் கொண்ட ஓர் எளிய அளவீடு முதியவர்களுக்கென்றே இருக்கிறது. மருத்துவர் சில நிமிடங்களில் அதை முடித்துவிடுவார். நோய்தான் என்று தெரிந்தால் மருந்தும் ஆலோசனையும் நல்ல பலன் தரும். மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும் என்பதால் பத்து நாளில் பலனில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. உங்கள் கணவரிடமும் இதைச் சொல்லுங்கள். முதுமையால் பேச்சு மெதுவாகலாம், நடை தளரலாம். இரண்டு ஆண்டுகள் எதிலும் விருப்பமற்று இருப்பதை வயதின் இயல்பு என்று விட்டுவிட முடியாது.

"என் காலம் முடிந்துவிட்டது" என்ற சொல் உங்களை எவ்வளவு வருத்தியிருக்கும் என்று எனக்குப் புரிகிறது. மரணத்தைப் பற்றிப் பேசுவது மட்டும் ஆபத்தின் அறிகுறி ஆகாது. தாகூர் தம் கடைசி நூல்களில் மரணத்தைப் பற்றி விடாமல் பேசினார். அந்தப் பேச்சில் வாழ்வின் மீது பற்றும் கூடவே இருந்தது. ஆனால், தான் பாரமாகிவிட்டதாக உங்கள் அப்பா அடிக்கடி சொன்னாலோ, சாப்பாட்டையும் மருந்தையும் மறுத்தாலோ, மாத்திரைகளைச் சேர்த்துவைத்தாலோ, பொருள்களையும் பணத்தையும் திடீரெனப் பிரித்துக்கொடுத்தாலோ தாமதிக்காதீர்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா என்று அவரிடமே நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகிவிடாது, ஒளித்துவைத்திருப்பவர்களுக்குப் பேசுவதற்கு ஒரு வாசல் திறக்கும். அத்தகைய நிலையில் அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எந்நேரமும் இயங்கும் மனநல உதவி எண் 14416. முதியோருக்கான பிற உதவிகளுக்கு 14567 என்ற எண் இருக்கிறது.

மருத்துவரிடம் செல்வது குறித்து இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சையில் தமக்கு விருப்பமில்லை என்பதைத் தாகூர் வெளிப்படையாகவே சொன்னார். மருத்துவர்களும் சுற்றியிருந்தவர்களும் வலியுறுத்தியபின் இணங்கினார். அன்றைய நிலையில் எது சரி என்று இன்று தீர்ப்புச் சொல்வது என் வேலையன்று. ஆனால் தன் உடலைப் பற்றிய முடிவில் முதியவரின் சொல் பின்னுக்குத் தள்ளப்படுவதை நான் எங்கள் மருத்துவமனை அறைகளில் நாள்தோறும் பார்க்கிறேன். மகன் பேசுவார், மகள் பேசுவார். நோயாளி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேசுவதைக் குறைத்துக்கொண்ட ஒருவருக்கு அது எவ்வளவு கேடு என்று நினைத்துப் பாருங்கள். "உங்களைக் காட்டிவர ஏற்பாடு செய்திருக்கிறேன்" என்று முடிவாகச் சொல்லாமல், உங்கள் கவலை என்ன என்று அவரிடம் சொல்லி, எப்போது போகலாம் என்று கேளுங்கள். மருத்துவர் கேள்வி கேட்கும்போது நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். முதல் பத்து நிமிடம் அவரோடு தனியாகப் பேசும்படி மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். அனுபவமுள்ள எந்த மருத்துவரும் அதை வரவேற்பார்.

கவியரங்க நண்பர்கள் இருந்தால், ஒருவரையோ இருவரையோ வீட்டுக்கு அழையுங்கள். பெரிய கூட்டம் இப்போது வேண்டாம். தாகூரைப் பற்றிய அந்தக் கட்டுரையை இனி எடுத்துக் காட்ட வேண்டாம். அவராகக் கேட்டால் பேசுங்கள்.

மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ முதியோர் நலப் பிரிவு எந்த நாட்களில் இயங்குகிறது என்று விசாரித்து, இந்த மாதத்துக்குள் அப்பாவை அழைத்துச் செல்லுங்கள். பரிசோதனை முடிவுகள் கிடைத்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள். அதோடு, அவருடைய இப்போதைய கையெழுத்தில் சில வரிகளையும் பத்து ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பக்கத்தையும், அவர் அனுமதித்தால், படியெடுத்து அனுப்புங்கள்.